பின்தங்கிய குஞ்சு

அடைவைத்த முட்டைகளின்மேல் 21 நாள்கள் அமர்ந்திருக்கும் தாய்க்கோழி, குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கிய பின் ஓரிரு நாள்களே கூட்டில் காத்திருக்கும். முதலில் வெளிவந்தவை அதுவரை பசியால் வாடுவதில்லை. ஓட்டைவிட்டு வெளியேறுமுன் மஞ்சள்கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றுக்குள் சென்றுவிடுகிறது; அதன் துணைகொண்டு இரண்டு நாள்கள் வரை தீனியின்றியும் அது தாங்கும். அதன்பின் தாய் எழுந்தாக வேண்டும். ஓடித் திரியும் பத்துக் குஞ்சுகளுக்கு இரை காட்ட வேண்டும். கடைசியாகப் பொரித்து, ஈரம் உலராமல், தலையைத் தூக்கவும் இயலாமல் கிடக்கும் ஒன்று கூட்டிலேயே தங்கிவிடுகிறது.

அதை நாம் கையில் எடுக்க வேண்டுமா? இயற்கையே கைவிட்டதை மனிதர் காப்பதில் பொருளுண்டா? சிறிய கேள்விதான். ஆயினும் அதற்கு நாம் தரும் விடையில் நமது அறநெறி முழுவதும் அடங்கியிருக்கிறது.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பது நம் முதுமொழி. தாயின் அன்பில் நமக்கு ஐயமில்லை. பத்தைக் காக்க ஒன்றை விடுவது அதன் கொடுமையன்று, அதன் எல்லை. இரண்டு சிறகுகளே உடைய அது ஒரே நேரத்தில் கூட்டிலும் குப்பைமேட்டிலும் இருக்க இயலாது.

மனிதர் நடத்தும் பொரிப்பகங்களிலோ வேறொரு கணக்கு நிலவுகிறது. முட்டைக்கென வளர்க்கும் இனங்களில் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையிடாது; கறிக்கோழியைப்போல் விரைவில் எடை கூடுவதுமில்லை. எனவே பொரித்த நாளிலேயே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுகின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் இவ்வாறு மடிபவை பல நூறு கோடி. ஜெர்மனி 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. கோழி இயலாமையால் ஒன்றை விடுகிறது. நாமோ, இயன்றும், பயனில்லை என்பதற்காகக் கோடிகளை விடுகிறோம்.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று எழும்: ‘பசித்த குழந்தைகள் தெருவில் இருக்க, ஒரு குஞ்சுக்காக இரவு விழிப்பதா?’ இதைத் தள்ளிவிட முடியாது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்று கூறுகிறது. மனிதத் துயர் துடைக்கச் செல்லவேண்டிய பணத்தை அவற்றின்மேல் செலவிடுவது தகாது என்றும் அதே இடத்தில் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும். பணத்துக்கு வரிசை உண்டு. ஒருவருக்குக் கொடுத்த பணம் மற்றவருக்கு இல்லை. பரிவு அத்தகையதன்று, அது கைப்பழக்கம் போன்றது. விலங்குகளை வதைக்கும் கை மனிதரையும் வதைக்கப் பழகும் என்று புனித தோமா அக்குவினாஸ் எச்சரித்தார். இதன் மறுபக்கமும் உண்மையே. ஆனால் குஞ்சுக்கு விழித்திருந்துவிட்டு, அடுத்த அறையில் இருமும் முதிய தாயை எட்டிப் பாராதவரின் பரிவு வெறும் பொழுதுபோக்கு.

நலிந்த உயிரைப் பேணுவது நமக்கு அளவையும் கற்பிக்கிறது. ஓட்டுக்குள் போராடும் குஞ்சின்மேல் இரங்கி அவசரமாக ஓட்டை உரித்தால், உள்ளுறையின் நாளங்கள் கிழிந்து குருதி கசிந்து அது இறக்கலாம். தாகம் தீர்க்க வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்; அலகின் நுனியை மட்டும் நீரில் தொட்டுக் காட்ட வேண்டும். வழுவழுப்பான தாளில் நிற்கவைத்தால் கால்கள் விரிந்து ஊனமாகும். சொரசொரப்பான துணி வேண்டும். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. ஆனால் விளக்கை அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில்தான் தொங்கவிட வேண்டும். வெப்பம் மிகுந்தால் குஞ்சு தானே விலகிச் செல்ல இடம் இருக்கவேண்டும் அல்லவா? நாம் உதவி என்ற பெயரில் பிறர்க்குச் செய்வனவற்றில் எத்தனை, ஓட்டை உரிக்கும் அவசரமாக இருக்கின்றன! விலக இடமின்றி நம் அன்பின் வெப்பத்தில் வாடுவோர் எத்தனை பேர்!

தேறிய குஞ்சை நாம் என்ன செய்கிறோம்? காலம் கடத்தாமல், இரவின் இருளில், தாயின் சிறகடியில் மெல்லச் செருகிவிடுவது ஊர்ப்புறத்து மூதாட்டியர் அறிந்த முறை. விடியும்போது அது பதினோராவது குஞ்சு, காப்பாற்றியவரை அறியாது, நன்றி சொல்லாது. ஒருநாள் திருவிழாச் சமையலுக்கும் போகலாம். இதில் முரண்பாடு இல்லையா என்று சிலர் கேட்பர். உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்றே திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் உண்ணும் உரிமை, வாழும் நாளில் வதைக்கும் உரிமையைத் தருவதில்லை. உண்பவருக்கே கடன் அதிகம். ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் நினைவூட்டுகிறது.

எல்லாக் குஞ்சும் பிழைப்பதில்லை. விடியுமுன் குளிர்ந்து கிடப்பவையும் உண்டு. அப்போது பட்ட பாடு வீணா? பலனே அளவுகோல் என்றால் வீண்தான். ஆனால் இறுதி இரவை அது குளிரில் தனியே கழிக்கவில்லை என்பதும் கணக்கில் சேரவேண்டும்.

எருசலேமுக்காக அழுத இயேசு, குஞ்சுகளைச் சிறகுகளின்கீழ் சேர்க்கும் கோழியோடு தம்மை ஒப்பிட்டார். ஆயினும் அவர் சொன்ன ஆயனின் உவமை அக்கோழியையும் கடந்து செல்கிறது. கோழி பத்துக்காக ஒன்றை விட்டு நடக்கும். ஆயனோ ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுச் செல்கிறார். இயற்கையின் கணக்கு முடியும் இடத்தில் இரக்கத்தின் கணக்கு தொடங்குகிறது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும், எல்லாரும் எழுந்து நடந்தபின் கூட்டில் கிடப்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்போம்.