புழுதியில் விதைத்தவர் பிள்ளையே, இறக்கை கட்டு!

தொடுபுழை பக்கத்து மலைக்கிராமத்துக்காரர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறு வயதில் பார்த்தவருக்கு, தானும் ஒன்று கட்டிப் பறக்கவிட வேண்டும் என்ற வெறி அன்றே பிடித்துக்கொண்டது. கட்டியே விட்டார்! இரண்டு பேர் உட்காரும் இலகுரக விமானம். அது 2014-இல் எங்கே பறந்தது தெரியுமா? நம் அம்பாசமுத்திரம் பக்கத்தில். ஓட்டிக்காட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர்.

கோவில்பட்டியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் அது. அங்கே ஒரு மனிதர் தன் கையால் செய்த இறக்கையை வானத்துக்கு அனுப்பியிருக்கிறார். நீயோ, “நமக்கெல்லாம் இது ஆகுமாண்ணே?” என்று கேட்கிறாய். ஆகும் தம்பி! ஆகும் தங்கச்சி!

விமானம் என்றதும் கண்ணாடி மாளிகையும் கோடிக்கணக்கான பணமும் உன் கண்முன் வந்து பயமுறுத்துகின்றன. அந்தப் படத்தைக் கிழித்துப் போடு. 1903 டிசம்பர் 17 அன்று 12 நொடி, 120 அடி தூரம் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு இறக்கை எதில் தைத்தார்கள்? பருத்தித் துணியில்! மஸ்லின் துணியைத் தையல் மெஷினில் ஓட்டி மரச்சட்டத்தில் மாட்டினார்கள். அண்ணன், தம்பி இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். இருவரிடமும் பள்ளியிறுதிச் சான்றிதழ்கூடக் கிடையாது. பருத்தி விளைந்த கரிசலில் பிறந்துவிட்டு, இறக்கை நமக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்கிறாய்?

1910-இல் சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர் தானே வரைந்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தின் வண்டிப் பட்டறையில் கட்டவைத்துப் பறக்கவிட்டார். ஓட்டல்காரர்! இந்த மண்ணில் அந்தக் காரியத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இன்றைக்கு வேலை இன்னும் தெளிவு. கிட் என்கிறார்கள். வெட்டித் துளையிட்ட அலுமினியக் குழாய்கள், முன்கூட்டியே தைத்த டேக்ரான் துணி, பை பையாகப் போல்ட், நட், கூடவே வரைபடம். பெட்டியில் வந்து இறங்கும். பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம் இப்படிப்பட்ட கிட்டுகளைச் செய்து வெளிநாடுகளுக்கே அனுப்பியது. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத்து கிட்டுகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் கட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். அங்கே சட்டமும், பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவனே செய்திருக்க வேண்டும் என்கிறது. காசைக் கொடுத்து அந்தப் பெருமையை வாங்க முடியாது.

எளிய வகைக்கே சில நூறு மணி நேர உழைப்பு. குழாயைக் கீறாமல் கையாள வேண்டும். போல்ட்டை முறுக்கியபின் நட்டுக்கு வெளியே மரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேசில் நட்டா? ஸ்பிளிட் பின் போட்டே ஆக வேண்டும். டார்க் ரெஞ்ச் சொல்லும் அளவுக்குத்தான் இறுக்கம். உன் கைப்பலத்தைக் காட்டும் இடமில்லை அது. சந்தேகம் வந்தால் கழற்று, மறுபடி போடு. வண்டி நின்றால் சாலையோரம் தள்ளலாம். ஆயிரம் அடி உயரத்தில் ஓரம் ஏது? ஆகவே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் விமானிப் பயிற்சியும் இல்லாமல் ஒரு அடிகூட எழும்பாதே. அனுமதிக்குக் காத்திருப்பவனைக் கோழை என்று எவனாவது சொன்னால் அவனைப் பட்டறைக்குள் சேர்க்காதே.

இந்தப் பொறுமை உனக்கு வராதா? தீப்பெட்டி ஆபீஸில் விரல் தேயத் தேய வேலை பார்த்த அம்மாவின் பிள்ளை நீ. லேத் பட்டறையில் நூலிழை பிசகாமல் இரும்பு கடைகிறவன் உன் தெருக்காரன். உன் தாத்தா என்ன செய்தார்? மழை வரும் முன்னே, காய்ந்த புழுதியில் விதையைப் போட்டார். மேகம் இல்லை, உத்தரவாதம் இல்லை. போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். அதைவிடப் பெரிய தன்னம்பிக்கையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த ரத்தம் உன் உடம்பில் ஓடும்போது, “பணம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று நீ சொல்லலாமா? எஞ்சின் விலை அதிகம்தான். நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். அதுவரை கை சும்மா இருக்க வேண்டாம்.

கோவில்பட்டிப் பக்கமே பழைய விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. பள்ளி வரும் நாளில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்கப் போகிறாயா, ஸ்பேனரோடு உள்ளே போகப் போகிறாயா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பி. இரண்டு அலுமினியத் தகடு வாங்கு. பென்சிலால் கோடு போட்டு, இடைவெளி அளந்து, டிரில் போட்டு, பிசிறு நீக்கி, ஒரு வரிசை ரிவெட் அடி. கோணலாகப் போனதை டிரில்லாலேயே எடுத்துவிட்டு மறுபடி அடி. வரிசை நேரானதும், ஊரிலேயே கறாரான மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டி, குறை சொல்லச் சொல்.