இல்லாத ஒருவருக்காக

கிளெவிஸ் மெக்கிளவுடுக்கு வயது 65. டெக்சாஸ்காரர், சிடுசிடுப்பான ஆள். விரல்களில் மூட்டுவாதம்; அதை நாலு பேர் கவனித்துவிடுவார்களோ என்ற கூச்சமும் உண்டு. வீட்டில் கணினி கிடையாது. 1990களில் சோனி டிரான்ஸ்காம் நிறுவனம் விமான இருக்கைகளில் படம் பார்ப்பதற்கான கருவி ஒன்றை உருவாக்கியபோது, அதைப் பயணிகள் எப்படி இயக்குவது என்ற கேள்விக்கு விடை இவரை வைத்துத்தான் கிடைத்தது. கையால் திருப்பும் ஒரு குமிழை வைத்தால் கிளெவிஸ் சமாளித்துக்கொள்வார், அவர் சமாளித்தால் மற்ற எல்லோரும் சமாளிப்பார்கள் என்று வடிவமைப்பாளர்கள் முடிவுசெய்தார்கள். அந்தக் கிளெவிஸ் பிறந்ததே இல்லை. மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பரின் குழு தாளில் படைத்த மனிதர் அவர்.

மென்பொருள் துறையில் இப்படிப்பட்ட கற்பனைப் பயனரை பெர்சோனா என்கிறார்கள். பெயர், வயது, வேலை, ஒரு புகைப்படம், என்ன வேண்டும், எதற்கு எரிச்சல் வரும் என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடுத்த பதிப்பில் எந்த வசதியைச் சேர்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று கூட்டத்தில் வாக்குவாதம் எழும்போது அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துப் பேசுவார்கள். இந்த முறைக்கு விதை 1983இல் விழுந்தது. திட்ட மேலாண்மைக்கான மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த கூப்பர், அதைப் பயன்படுத்தக்கூடிய சிலரைச் சந்தித்துப் பேசினார். பிறகு வீட்டருகே இருந்த கோல்ஃப் மைதானத்தில் நடந்தபடி, அவர்களில் ஒருவரைப் போலத் தானே பேசி, தானே பதில் சொல்லிப் பார்த்தார். 1999இல் வெளிவந்த ‘தி இன்மேட்ஸ் ஆர் ரன்னிங் தி அசைலம்’ என்ற நூலில் இதை ஒரு முறையாகவே வகுத்துச் சொன்னார். அது உலகெங்கும் பரவியது.

பார்வைக்கு இது ஒரு தொழில் உத்திதான். ஆனால் இதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. இல்லாத ஒருவருக்கு உண்மையாக இருப்பதால், இருக்கும் மனிதர்களுக்கு உண்மையாக இருந்ததாகிவிடுமா?

காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பித்த பாடம் இங்கே கைகொடுக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதை பௌத்த அளவையியலை விரிவாகச் சொல்கிறது. அறிவதற்கு வழிகள் இரண்டே: நேர்க்காட்சி, கருத்தளவு. இதில் நேர்க்காட்சி என்பது வெறும் சுட்டுணர்வு மட்டும்தான். பெயர், சாதி (அதாவது இனம்), குணம், செயல் ஆகிய நான்கும் அதில் சேராது. அவை கருத்தளவின் பக்கம் போய்விடுகின்றன. இந்தச் சிந்தனை மரபின் பேராசானாகிய திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. கண்முன் இருக்கும் தனிப்பொருள் மட்டுமே மெய், பொதுமை என்பது மனம் கட்டியது என்பது அவர் கட்சி.

பெர்சோனாவின் பக்கத்தை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. அதில் இருப்பவை என்ன? ஒரு பெயர், ஓர் இனம், சில குணங்கள், சில செயல்கள். நேர்க்காட்சியிலிருந்து பௌத்த அளவையியல் எவற்றையெல்லாம் விலக்கியதோ, அவை மட்டுமே சேர்ந்து ஒரு மனிதராகி நிற்கின்றன.

அதனால் பெர்சோனா பொய் என்று முடிவுகட்டிவிட முடியாது. திக்நாகரிடமே அதற்கு ஆதரவான வாதமும் கிடைக்கிறது. ஒரு சொல் தன் பொருளை எப்படி உணர்த்துகிறது? அல்லாதவற்றை விலக்கி உணர்த்துகிறது என்றார் அவர். ‘பசு’ என்றால் பசு அல்லாதவை எல்லாம் ஒதுங்குகின்றன. அபோகம் எனப்படும் கொள்கை இது. கிளெவிஸ் செய்த வேலையும் இதுதான். ‘பயனர்’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் ரப்பரைப் போல இழுபடுவார் என்று கூப்பர் குறை சொன்னார். நிரலாளருக்குச் சிக்கலான வசதி ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால், பயனர் திடீரென்று பெரிய மேதையாகிவிடுவார். வேலையைக் குறைக்க வேண்டும் என்றால் அவரே ஒன்றும் தெரியாதவராகிவிடுவார். கிளெவிஸை அப்படி இழுக்க முடியாது. எல்லோரையும் வரைந்து காட்டுவது அவருடைய சிறப்பு இல்லை. படைப்பவர் தன்னையே பயனராக நினைத்துக்கொள்வதை அவர் தடுத்தார். அகங்காரத்துக்கு இப்படியொரு கடிவாளம் போட்ட மென்பொருள் முறை வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. விலக்குவதற்காக வந்த உருவம், ‘நம் வாடிக்கையாளர் இவர்தான்’ என்று சொல்லும்படி உண்மையான மனிதராகவே தலைதூக்குகிறது. கில்பர்ட் டேனியல்ஸ் 1952இல் வெளியிட்ட அமெரிக்க விமானப்படை ஆய்வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து, உயரம், மார்பளவு, கையின் நீளம் என்று 10 அளவுகளில் சராசரிக்கு அருகே இருப்பவர் எத்தனை பேர் என்று அவர் பார்த்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரி விமானிக்காகச் செய்த விமானி அறை உண்மையில் யாருக்கும் பொருந்தவில்லை. மாற்றியமைக்கக்கூடிய இருக்கைகளின் பக்கம் விமானப்படை திரும்ப இது வழிசெய்தது.

பெர்சோனா சராசரி அல்ல என்று கூப்பர் வலியுறுத்தியது உண்மை. ஆனாலும் கணக்கு மாறாது. ஒவ்வொரு குணமாகச் சேர்க்கச் சேர்க்க உருவம் உயிர்பெறுகிறது, அதற்குப் பொருந்தும் மனிதர்களோ குறைந்துகொண்டே போகிறார்கள். கிறிஸ்டோபர் சாப்மன், ரஸ்ஸல் மில்ஹம் என்ற ஆய்வாளர்கள் 2006இல் இதைவிடக் கூர்மையான ஆட்சேபத்தை வைத்தார்கள். ஒரு பெர்சோனா தவறு என்று நிரூபிக்க வழியே இல்லை என்பது அது. புகைப்படத்தில் சிரிக்கும் பெண் ‘அப்படி நான் சொல்லவில்லையே’ என்று மறுக்கப்போவதில்லை.

மறுத்துப் பேச முடியாதவரை இழிவுபடுத்துவதும் எளிது. மைக்ரோசாஃப்ட் தன் நிரலாக்கக் கருவிகளைத் திட்டமிட மோர்ட், எல்விஸ், ஐன்ஸ்டைன் என்று மூன்று பெர்சோனாக்களை வைத்திருந்தது. மோர்ட் விஷுவல் பேசிக்கில் எழுதுபவர். அலுவலகத்தில் அன்றைய வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. அவரைப் புரிந்துகொள்வதற்காகத்தான் அந்தப் பெயரே வந்தது. அந்தப் பெயர் வெளியே தெரியவந்த பிறகு, நிரலாளர் வட்டாரங்களில் அது அரைகுறை ஆளைக் குறிக்கும் வசையாகிவிட்டது. விஷுவல் பேசிக்கின் தந்தை என்று அழைக்கப்படுபவர் ஆலன் கூப்பர். அந்த மொழியில் வேலை செய்தவர்களே அவர் கண்டுபிடித்த முறையால் ஏளனத்துக்கு ஆளானார்கள். மோர்ட் என்று ஒருவர் இல்லாததால் அவருக்கு வலிக்கவில்லை. விஷுவல் பேசிக்கில் எழுதிப் பிழைத்த உண்மையான மனிதர்களுக்கு வலித்திருக்கும்.

அப்படியானால் கண்ணெதிரே இல்லாதவரை மனத்தில் நினைத்துப் பார்ப்பதே தவறா? இல்லை. தத்துவ அறிஞர் ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியான ‘தி சாவரின்டி ஆஃப் குட்’ நூலில் ஒரு மாமியாரைப் பற்றிச் சொல்கிறார். மருமகள் நாகரிகம் போதாதவள், சத்தம் போடுகிறவள், சிறுபிள்ளைத்தனம் உள்ளவள் என்பது மாமியாரின் எண்ணம். வெளியே ஒரு சுடுசொல் சொன்னதில்லை. பிறகு ஒருநாள் ‘என் பழக்கம், என் பொறாமை என் கண்ணை மறைக்கிறதோ’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு மீண்டும் பார்க்கிறார். நாகரிகம் போதாமை என்று நினைத்தது எளிமையாகத் தெரிகிறது. இரைச்சல் என்று நினைத்தது கலகலப்பாகத் தெரிகிறது. இதில் வியப்பு என்னவென்றால், இந்த மாற்றம் நடக்கும்போது மருமகள் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தே போயிருக்கலாம் என்கிறார் மர்டாக். ஆகவே, எதிரில் இல்லாதவர் மீதும் நியாயமான கவனம் செலுத்த முடியும். ஆனால் அந்த மருமகள் ஒரு காலத்தில் அந்த வீட்டில் நடமாடியவள். மாமியாரின் புதிய பார்வை சரியா தப்பா என்று சொல்ல ஓர் உண்மை இருக்கிறது. பெர்சோனாவுக்குப் பின்னால் அப்படி யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அதன் உரைகல்.

பாட்ரிசியா மூர் அந்த உரைகல்லைத் தன் உடம்பிலேயே சுமந்தார். 1979இல், 26 வயதில், எண்பது வயது மூதாட்டியாக வேடம் பூண்ட வடிவமைப்பாளர் அவர். பார்வையை மங்கச் செய்து, காதை அடைத்து, உடலின் அசைவைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 116 நகரங்களுக்குப் போனார். ஒருமுறை இளைஞர் கும்பல் ஒன்று அவரை அடித்துக் காயப்படுத்தியது. முதுமை என்றால் மூட்டுவலி மட்டுமல்ல, மற்றவர்கள் காட்டும் அலட்சியமும் அச்சமும்கூட என்பதை அவர் அறிந்தது கற்பனையால் அல்ல. அதுவும் வேடம்தான். ஆனால் அந்த வேடத்தை உலகத்தால் திருப்பி அடிக்க முடிந்தது.

இன்று செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிடம் பெர்சோனாவின் குரலில் பேசச் சொல்லி, அந்தப் பதிலையே வாடிக்கையாளரின் கருத்தாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வளர்கிறது. இது கூப்பரின் முறையின் நீட்சி அல்ல, அதன் கைவிடல். அவர் மைதானத்தில் தனியாகப் பேசிக்கொண்டது உண்மையான மனிதர்களைச் சந்தித்துவிட்டு வந்த பிறகு. பெர்சோனா எழுதும் ஒவ்வொரு குழுவும் அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகளைச் சேர்க்கட்டும்: இது எத்தனை பேரிடம் பேசி எழுதப்பட்டது, அவர்களில் ஒருவரையாவது கடைசியாகப் பார்த்தது எப்போது. அந்த வரிகளை நிரப்ப முடியாத பெர்சோனாவைக் கிழித்துப்போடுவதுதான் நேர்மை.