பிறப்பே குற்றமாகுமோ?

ஒருவன் திருடினான் என்று பிடித்து வருகிறார்கள். எதைத் திருடினான், எப்பொழுது திருடினான், கண்டவர் யார் என்று நியாயஸ்தலம் கேட்கிறது. விடை இல்லையெனில் அவனை விட்டுவிடுகிறது. இது நாகரிக உலகம் ஒப்புக்கொண்ட முறை. ஆனால் ஒரு ஜன சமூகம் முழுவதையும் சுட்டிக்காட்டி, “இவர்களிற் பெரும்பாலோர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை; ஆயினும் செய்யக்கூடிய கூட்டத்தில் பிறந்தவர்கள்” என்று ஒரு சர்க்கார் கூறுமாயின், அங்கே எந்தக் கேள்வியைக் கேட்பது? அன்பர்கள் இதனைச் சற்றுப் பொறுமையுடன் சிந்திக்க வேண்டுகிறேன்.

சீன தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள சின்ஜியாங் பிரதேசத்தில் உய்குர் என்னும் முஸ்லிம் மக்கள் ஒரு கோடிக்கு மேல் வாழ்கின்றனர். 2017 முதலாக அவர்களிற் பல லட்சம் பேர் விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். நீண்ட தாடி வளர்த்தது, அயல்நாட்டு உறவினருடன் பேசியது, பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்தது இவையெல்லாம் சந்தேகத்திற்குரிய அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. முகாம்களுக்குச் சீன சர்க்கார் இட்ட பெயர் ‘தொழிற்கல்விப் பயிற்சி நிலையம்’. பயின்றவர் யாவரும் தேறி வெளியேறிவிட்டனர் என்று 2019 இறுதியில் அறிவித்தும் விட்டார்கள். தொழிற்பயிற்சி தேவைப்படாத பேராசிரியர்களும் தப்பவில்லை. பொருளாதாரம் போதித்த இல்ஹாம் தோஹ்திக்கு 2014-லேயே ஆயுள் தண்டனை விதித்தாயிற்று. தம் மக்களின் நாட்டு வழக்காறுகளையும் யாத்திரைத் தலங்களையும் ஆராய்ந்த ராஹிலே தாவுத் அம்மையார் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கும் ஆயுள் தண்டனை என்பது 2023-லேதான் வெளியுலகிற்கு உறுதியாகத் தெரிந்தது.

புனேயில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நாம் வியப்படைய நியாயமில்லை. இதனை ஒத்த ஏற்பாடு இந்நாட்டிலேயே எண்பது ஆண்டுகள் நடந்தது. 1871-ல் ஆங்கில சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிற்று. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று கெஜட்டில் அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என அச்சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஊரை விட்டுப் போகச் சீட்டு வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைக்க 1897-ஆம் ஆண்டுத் திருத்தம் இடங்கொடுத்தது. 1911-ல் சென்னை மாகாணத்திற்கும் சட்டம் வந்தது. நம் தமிழ் ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரை ஜில்லாவிலுள்ள பெருங்காமநல்லூரில், விரல் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற கள்ளர்கள் மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர்.

அன்றைய பம்பாய் மாகாணத்தில் நடந்ததை நான் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது ஆலைத் தொழிலைத் தொட்டது. சோலாப்பூர், ஹூப்ளி, கதக் போன்ற பஞ்சாலை ஊர்களிலே இம்மக்களுக்காகச் செட்டில்மெண்டுகள் அமைத்தார்கள். சோலாப்பூரில் முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள் ஆலைக்குச் சென்று நூற்று, மாலையில் வேலிக்குள் திரும்பினர். தெற்கே ஸ்டூவர்ட்புரத்தில் சால்வேஷன் ஆர்மியாரின் மேற்பார்வையில் எருகுல மக்கள் குடியேற்றப்பட்டுச் சீராலாப் புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆளாயினர். ஆலையில் உழைத்தவனுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கூலிக்காரனிடம் உள்ள ஒரே ஆயுதம், “உன் வேலை வேண்டாம்” என்று வெளியே நடந்துவிடுவது. அந்த ஆயுதம் இல்லாத கூலிக்காரனைச் சட்டமே தயார்செய்து கொடுத்தது. அவன் நடந்தால் வேலைநிறுத்தம் அன்று, தப்பியோடிய குற்றம். உலகப் பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று சின்ஜியாங்கில் விளைகிறது என்பதையும், அங்கே செய்த சரக்கு கட்டாய உழைப்பால் ஆனதன்று என நிரூபித்தாலொழிய உள்ளே விடோம் என்று அமெரிக்கா 2021-ல் சட்டம் செய்தது என்பதையும் இவ்விடத்தில் சேர்த்து எண்ணுக. சீர்திருத்தம் என்ற சொல் பஞ்சு மூட்டைக்கு அருகிலேயே அடிக்கடி கேட்கப்படுகிறது!

அப்பட்டியலில் கைகாடி மக்களும் இருந்தனர். கூடை முடைவது அவர்கள் குலத்தொழில். அவர்கள் வீட்டுப் பேச்சு நம் தமிழுக்கு உறவுடையது. நான் ஆலையில் இருந்த காலத்தில் ஷிப்ட் முடிந்ததும் வாசற் காவற்காரன் எல்லோரையும் ஒருமுறை தடவிப் பார்ப்பான். எங்கள் கைகாடித் தோழனை மாத்திரம் இருமுறை. “ஏன் பொறுத்துக்கொள்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன். “என் பாட்டனாரை ஒரு நாளைக்கு மூன்று வேளை எண்ணினார்கள் அண்ணா, எனக்கு இரண்டு தடவல்தானே” என்றான்.

“அவர்களுள் திருடரே இருந்ததில்லையா? உய்குர்களுள் கொலைஞர் இல்லையா?” என்று கேட்பார் உளர். இருந்தனர். 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியுடன் புகுந்தவர்கள் 31 பேரைக் கொன்றார்கள். சின்ஜியாங் பிரிவினைக்காரர் செயல் என்றது சீன சர்க்கார். கொன்றவரைப் பிடித்துத் தண்டிப்பதை எவரும் மறுக்கவில்லை. வினையென்பது எண்ணத்தோடு கூடிய செயல் என்பது பகவான் காட்டிய வழி. எண்ணம் ஒரு மனிதனுடைய உள்ளத்தில் எழுவது. ஒரு ஜாதிக்கோ மொழிக்கோ தாடிக்கோ எண்ணம் ஏது? ஆதலின் அவற்றுக்கு வினையுமில்லை. கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த அங்குலிமாலனைப் பிடிக்கச் சேனையுடன் புறப்பட்ட பசேநதி மன்னன், அவன் துறவியாகித் திருந்தியிருப்பதைக் கண்டு வணங்கிச் சென்றான் என்று கேட்டிருக்கிறோம். அவன் செய்த செயல் இருந்தது; ஆகவே அதை விட்டு விலகவும் அவனால் முடிந்தது. செயலே இல்லாதவன் எதை விடுவான்? பிறப்பை விட முடியாது. அதனாலேயே பிறப்பைச் சீர்திருத்தும் முகாமுக்கு முடிவு நாள் கிடையாது. தண்டனைக்காவது இத்தனை ஆண்டு என்ற எல்லையுண்டு. நன்மை செய்கிறேன் என்று பூட்டுகிறவன் தன் நன்மை போதுமென்று எப்பொழுது ஒப்புவான்?

இவ்விடத்தில் நம்மவரையும் விட்டுவிடலாகாது. பர்மாவிலிருந்து 2017-ல் ஏழு லட்சத்திற்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டனர். அவர்களுக்கு எதிராகப் பகையை வளர்த்தவர்களுள் துவராடை அணிந்த துறவிகளும் இருந்தனர். உய்குர் மக்கள் முஸ்லிம்கள்தானே, நமக்கென்ன என்று சொல்லும் பௌத்தர் இதையும் நினைவிற் கொள்வாராக.

அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைந்த குழுவின் சிபாரிசுக்குப் பின், 1952 ஆகஸ்டு 31-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது. விடுதலை பெற்றவர்கள் அந்நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் மாகாணந்தோறும் வேறு சட்டங்கள் வந்தன. பம்பாயில் 1959-ல் வந்தது. மராட்டியத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் பார்தி மக்களின் குடிசைக்கு முதலில் போலீசார் போவது நாம் அறியாததன்று. சிறை விதிகளிலிருந்த ஜாதிப் பாகுபாடுகள் செல்லா என்றும், விடுவிக்கப்பட்ட பழங்குடியினரைக் கண்டபடி கைது செய்யலாகாது என்றும் 2024 அக்டோபர் 3-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

சின்ஜியாங்கில் நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாகலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டதும் ஓர் ஆகஸ்டு 31-ல்தான், ஆண்டு 2022. தண்டிப்பது இருக்கட்டும், அவ்வறிக்கையைக் குறித்துப் பேசவாவது செய்யலாமா என்று 2022 அக்டோபர் 6-ல் ஜினீவாவில் மனித உரிமைக் கவுன்சில் வாக்கெடுத்தது. பேசலாம் என்றவை 17 தேசங்கள். வேண்டாம் என்றவை 19. எப்பக்கமும் சேராது ஒதுங்கியவை 11. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. தனியொரு தேசத்தைக் குறித்த தீர்மானங்களால் பயனில்லை என்பது தங்கள் நெடுநாளைய கொள்கை என்று மறுநாள் டில்லியில் வெளியுறவு இலாகா விளக்கிற்று. சின்ஜியாங் மக்களின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே மூச்சிற் சொல்லிற்று.