அறுவடையைக் காணாத உழைப்பாளர்



நீங்கள் ஒரு வேலையைத் தொடங்குகிறீர்கள். அதன் பலனை உங்கள் கண்களால் காணப்போவதில்லை என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அப்படியிருந்தும் அதை முழுமனத்துடன் செய்வீர்களா? அல்லது, எனக்குக் கிட்டாத பலனுக்கு நான் ஏன் பாடுபட வேண்டும் என்று ஒதுங்கிவிடுவீர்களா?

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம்மவர் முதுமொழி. பனையை வைத்தவன் பார்த்துவிட்டாவது சாகிறான். பார்க்கவும் கொடுத்து வைக்காதவனுடைய நிலை என்ன? அவன் உழைப்பு வீணா?

இக்கேள்விக்கு விடை தேடி உங்களைச் சற்றுத் தொலைவான ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் அரிசோனாப் பல்கலைக்கழகத்திலே, சந்திரனையும் கோள்களையும் ஆராய்வதற்கென ஜெராட் கைப்பர் என்ற அறிஞர் 1960ஆம் ஆண்டில் நிறுவிய ஆய்வுகூடம் ஒன்று உண்டு. மண்ணியல் அறிஞர் பூமியின் கல்லை ஆராய்வதுபோல், அங்குள்ளவர்கள் வேற்றுலகங்களின் கல்லை ஆராய்கிறார்கள்.

அவ்வாய்வுகூடத்தின் பணிப்பாளராயிருந்தவர் பேராசிரியர் மைக்கல் ட்றேக். சூரிய குடும்பம் உருவான காலத்து மண்ணை இன்னும் தன்னகத்தே வைத்திருக்கும் சிறுகோள் ஒன்றுக்குக் கலம் அனுப்பி, ஒரு பிடி மண்ணையாவது பூமிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய அவா. முதலில் அனுப்பிய விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. அவரும் தோழர்களும் சோராது திருத்தி எழுதி, மீண்டும் அனுப்பினார்கள். ஈற்றில் 2011 மே மாதத்தில் நாசா நிறுவனம் இசைவளித்தது. நான்கு மாதங்கள் நிறையுமுன், செப்டெம்பரில், தமது 65ஆவது வயதில் ட்றேக் காலமானார். கலம் அப்போது வெறும் வரைபடமாகவே இருந்தது.

அவருக்குத் துணைநின்ற டான்டே லோறெற்றா பொறுப்பை ஏற்றார். 2016இல் கலம் புறப்பட்டது. ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் குறுக்களவுள்ள பெனு என்னும் சிறுகோளை 2018இல் அடைந்து, 2020 ஒக்டோபர் 20ஆந் திகதி அதன் மேற்பரப்பைத் தொட்டு மண் அள்ளியது.

இங்கே ஒரு சோதனை வந்தது. எதிர்பார்த்ததிலும் அதிகமாக மண் புகுந்துவிட்டதால், கற்கள் மூடியில் சிக்கின. அந்த இடைவெளியால் துகள்கள் விண்வெளியிற் சிந்தத் தொடங்கின. கலத்தைச் சுழற்றி, அள்ளியது எவ்வளவு என்று கணக்கிடுவதே முன்னைய திட்டம். சுழற்றினால் இன்னும் சிந்தும். ஆகவே அவர்கள் அளக்கும் எண்ணத்தையே கைவிட்டு, கிடைத்ததை உடனே பெட்டகத்துள் வைத்து மூடினார்கள். தங்களிடம் இருப்பது எவ்வளவு என்று திட்டமாக அறியாமலே மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். கையிலிருப்பதை எண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குவது எத்துணை கடினம் என்பது நமக்குத் தெரியாததன்று.

2023 செப்டெம்பர் 24ஆந் திகதி அப்பெட்டகம் யூற்றாப் பாலைவனத்தில் வந்திறங்கியது. உள்ளிருந்த கொள்கலத்தைப் பூட்டியிருந்த 35 ஆணிகளில் இரண்டு திறக்க மறுத்தன. வலிந்து உடைக்க எவரும் முற்படவில்லை. அவற்றுக்கெனப் புதிய கருவிகளைச் செய்து, 2024 ஜனவரியிலேயே கழற்றினார்கள். நிறுத்துப் பார்த்தபோது 121.6 கிராம் இருந்தது. அவர்கள் இலக்காகக் கொண்டது 60 கிராம் மாத்திரமே.

அந்த மண்ணில், உயிரினங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14உம், மரபுப் பொருளுக்கு வேண்டிய ஐந்து மூலக்கூறுகளும், உவர்நீர் வற்றியபோது எஞ்சிய உப்புகளும் காணப்பட்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உயிர் காணப்பட்டது என்று எவரும் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் வானவெளியில் அத்துணை பழமையானவை என்பதே செய்தி. படைத்தவரின் கைவேலையை நம்புவோருக்கு இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. வத்திக்கான் வானாய்வு நிலையத்தின் விண்கற்களுக்குப் பொறுப்பாயுள்ள இயேசு சபைச் சகோதரர் றொபேட் மக்கே, கல்லைச் சிதைக்காமல் அதன் அடர்த்தியை அளப்பதற்கு உதவும் கருவியொன்றை இந்தப் பணிக்கெனவே செய்து கொடுத்தார்.

ஆனால் என் மனத்தை மிகவும் தொட்டது வேறொன்று. கொண்டுவந்த மண்ணில் குறைந்தது நூற்றுக்கு எழுபது பங்கை இன்றைய ஆய்வாளர் தொடாமல், வருங்காலத்தவருக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் இளைஞனுக்கும் பெயரெடுக்கும் ஆவல் இல்லாமலில்லை. எனினும் இன்னும் பிறவாத ஒருவர், இன்னும் செய்யப்படாத கருவியைக் கொண்டு தன்னைவிட நன்றாக ஆராய்வார் என்பதை அவன் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது வெறுங்கனவுமன்று. 1972 டிசெம்பரில் அப்பலோ 17 பயணிகள் சந்திரனில் அடைத்து முத்திரையிட்ட குழாயொன்று, 2022ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் அதைத் திறவாது காத்தவர்களும் விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்தவர்களே.

வாசகரே, உங்களுள் ஒருவர் கேட்கலாம்: ஏழைகள் பசித்திருக்க, ஒரு பிடி மண்ணுக்காக நூறு கோடி டொலருக்கு மேல் செலவிடுவது முறையா? நியாயமான கேள்விதான். பசித்தவனின் உரிமை முந்தியது என்பதை விஞ்ஞானத்தின் பெருமை மாற்றிவிடாது. ஆயினும் அறிவைத் தேடும் தாகமும் இறைவன் தந்ததே. வறியோரின் சோற்றைப் பறிப்பது பெரும்பாலும் இந்தத் தாகமன்று. போருக்கும் ஆடம்பரத்துக்கும் கணக்கின்றி வாரியிறைக்கும் நம் மனப்பாங்கே. அதனால் செலவுக் கணக்கு கேட்கப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்கும் நாமும் ஒரு கணக்குக் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

உயிரற்ற மண்ணில் எழுபது பங்கை அவர்கள் பிள்ளைகளுக்காக வைத்திருக்கிறார்கள். நாமோ நம் கிணற்று நீரையும், கடலின் மீன்குஞ்சுகளையும், காட்டு மரங்களையும் இந்தத் தலைமுறையோடு உலகம் முடிந்துவிடும் என்பதுபோல் எடுத்துத் தீர்க்கிறோம். அவர்களுள் இறைவனை நம்புவோரும் இருப்பர், நம்பாதோரும் இருப்பர். மறுவுலக வாழ்வை விசுவசிக்கும் நமக்கன்றோ தொலைநோக்கு அதிகமாயிருக்க வேண்டும்!

நேபோ மலையில் நின்ற மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்டார். அதில் காலடி வைக்கவில்லை. ஆண்டவரும் சமாரியாவின் வயல்களைக் காட்டி, பிறர் பாடுபட்ட இடத்திலேயே தம் சீடர் அறுக்கப் போகிறார்கள் என்று உணர்த்தினார். நாம் எல்லோரும் இவ்விரு நிலையிலும் நிற்கிறோம். நாம் செபிக்கும் ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் பலர் நம் வளர்ச்சியைக் காணாமலே கண்மூடினர்.

ஆகவே, பலனைக் காணாத உழைப்பு வீணா என்ற கேள்விக்கு விடை இதுவே: அவ்வுழைப்பைக் கையேற்க ஒருவர் இருக்கும்வரை அது வீணன்று. ட்றேக்கின் உழைப்பைக் காத்தது அவருக்குப் பின்வந்தவர்களின் நேர்மை. நமக்கு முன் உழைத்தவர்களின் உழைப்பு வீணாகுமா, ஆகாதா என்பது இப்போது நம் கையில் இருக்கிறது.

இன்றிரவு செபத்தின்பின் ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். யார் விதைத்ததை நீங்கள் அறுக்கிறீர்கள்? நீங்கள் காணப்போகாத யாருக்காக எதை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?