அந்த ஒன்று யாருடையது?

பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் ஒரு பெரியவர் தம் பேரனுக்கு 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி நடந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெர்டேக்கா அரங்கம், எதிரே தென் கொரியா, ஹசான் சானி கொடுத்த பந்து, ஜேம்ஸ் வோங்கின் உதை. 2-1. மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டது. பையன் கேட்டான்: "கோல் கீப்பர் நம்ம ஆளுதானே தாத்தா? அவரு எதைப் புடிச்சாரு?"

பெரியவர் யோசித்தார். "நல்லா புடிச்சாருய்யா" என்றார். எதை என்று சொல்ல வரவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த, இதை எழுதுகிறவருக்கும் வரவில்லை. வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

பையன் கேட்ட அந்தக் கோல் கீப்பர் ஆர். ஆறுமுகம், 1953-இல் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலர். அந்த நீண்ட கைகளைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங் என்ற இரண்டு பேர் அரண்போல் நின்றார்கள். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2-1 என்ற கணக்கில் அந்த 2-க்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல ஆள் இருக்கிறது. ஆறுமுகத்துக்கு அதில் கிடைத்த ஒரே இடம் அந்த 1. அவர் விட்ட பந்து. பிடித்தவை எந்த எண்ணிலும் இல்லை. அந்த 1 ஏன் 2 ஆகவில்லை, 3 ஆகவில்லை என்பதுதான் அவருடைய அன்றைய வேலை முழுவதும். ஆட்டக் குறிப்பில் அதற்கு ஒரு வரி கிடையாது.

கிள்ளான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சிறு வயதிலேயே தெரியும். மாலையில் திடலில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவனைக் கோலில் நிறுத்துவார்கள். கோல் விழுந்தால் அவனுக்குத் திட்டு. விழாவிட்டால் அவன் அங்கே இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. இதை எழுதுகிறவரும் அப்படி நின்றிருக்கிறார். இருட்டும் வரை முன்னால் ஓடிய பையன்களின் முதுகுகளைத்தான் பார்த்தார்.

காக்கிறவனை மறப்பது புதிதல்ல. தொல்காப்பியத்தில் மதிலை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்று தனித் திணை உண்டு. உள்ளே நின்று மதிலைக் காப்பது அதற்குள்ளேயே அடங்கிவிடும். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில்தான் காக்கிறவனுக்கு நொச்சி என்று தனித் திணை கிடைத்தது. காவலனுக்கென்று ஒரு பூவை ஒதுக்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. எப்போதோ படித்த புறநானூற்றுப் பாட்டு ஒன்றும் அரைகுறையாக நினைவில் நிற்கிறது: காத்து நின்று விழுந்த வீரனின் நொச்சி மாலை ரத்தத்தில் ஊற, அதை ஊன் என்று நினைத்துப் பருந்து தூக்கிப் போகிறது. அந்த வீரனின் பெயர் பாட்டில் இல்லை.

இதே அநியாயக் கணக்கை இன்னும் கொடூரமாகப் பார்க்க டச்சுக்காரர் நைஜல் டி யோங்கிடம் போக வேண்டும். தடுப்பு வேலைக்கென்றே மத்தியத் திடலில் நிறுத்தப்பட்டவர். நெதர்லாந்துக்கு 80-க்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2014 உலகக் கிண்ண அரையிறுதியில், காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவர், தான் ஆடிய நேரம் வரை மெஸ்ஸிக்கு இடம் கொடுக்காமல் ஒட்டி நின்றார். ஆட்டம் 120 நிமிடமும் கோல் இல்லாமல் போனது. அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? டி யோங் என்றதும் வருவது 2010 இறுதியாட்டம், ஸாபி அலோன்சோவின் நெஞ்சில் பதிந்த அவருடைய பூட்ஸ். நடுவர் ஹவார்ட் வெப் மஞ்சள் அட்டையோடு விட்டார். அது சிவப்பு அட்டைக்குரிய குற்றம்தான். அதை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் தாக்குகிறவனை அவனுடைய சிறந்த நிமிடத்தாலும் தடுக்கிறவனை அவனுடைய மோசமான நிமிடத்தாலும் நினைவு வைத்துக்கொள்வது நேர்மையாகப் படவில்லை.

2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அந்த அணியை ஒட்டி எடுக்கப்பட்டது. அதில் முத்து என்று ஒரு கோல் காவலர் வருகிறார். அரங்கில் தமிழ்ப் பிள்ளைகள் அவருக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பாதியாவது ஆறுமுகத்துக்குச் சேரட்டும்.

அந்த நிஜ அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்த புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்தது. அந்த இடத்தில் ஈராக் ஆடியது.

இதை எழுதுகிறவரின் அம்மாவும் ஒரு காவல்காரிதான். தோட்டத்து லயன் வீட்டுப் பையன்கள் பலர் கள்ளுக்கடைப் பக்கம் போனபோது தன் பிள்ளைகளைப் போகவிடாமல் வைத்திருந்தவர். எப்படிச் செய்தார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. நடக்காததற்கு அம்மாவுக்கு நன்றி சொன்னவர்களும் இல்லை.

இப்படிக் காத்து நிற்பதைக் கடமை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கடமைக்காக மட்டும் ஒருவர் கோல் கம்பத்தை நோக்கி அப்படிப் பாய்ந்து விழுவாரா? புகழ் வேண்டாம் என்றிருந்தவர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. நிறைந்த அரங்கில் பெயரைக் கூவினால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார். 35 வயது. அவரிடம் கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்கலாம், கேட்டால் சிரிப்பார். எது அவர்களை அங்கேயே நிற்க வைத்தது என்பதும், தன்னால் அப்படி நிற்க முடியுமா என்பதும் இதை எழுதுகிறவருக்கு இன்னும் பிடிபடவில்லை.