எண்ணிப் பார்த்தல்

2024 மே மாதம் ராஜஸ்தானின் கோட்டா மாவட்டத்தில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போனது. அம்மா மூத்த மகளோடு முதலில் இறங்கிப் போய்விட்டார். அப்பா காரை நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனார். மூன்று வயதுச் சின்ன மகள் பின்சீட்டில் இருந்தாள். அம்மாகூடப் போயிருப்பாள் என்று அப்பா நினைத்தார், அப்பாகூட இருப்பாள் என்று அம்மா நினைத்தார். தேடிப் போனபோது காலம் கடந்திருந்தது.

இப்படி ஒரு செய்தி வந்தால் நம் வாயில் முதலில் வருவது, "அதெப்படிங்க பெத்த புள்ளைய மறப்பாங்க?" இது கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் பதிலை உள்ளேயே வைத்திருக்கிறது: அவங்க வேற மாதிரி ஆளுங்க, நான் அப்படி இல்ல. குழந்தைக்குக் கட்டும் தாயத்து போல, இந்தக் கோபத்தை நமக்கு நாமே கட்டிக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் காரின் வெப்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 35-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாகிறார்கள். பாதிக்கு மேல் மறதியால். இந்தப் பெற்றோர்களைப் பற்றி ஜீன் வைன்கார்ட்டன் 2009-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிய நீண்ட கட்டுரைக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் கிடைத்தது. அவர் கண்டவர்களில் பேராசிரியர் உண்டு, செவிலியர் உண்டு, காவலர் உண்டு. குழந்தை மருத்துவர்கூட உண்டு. பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் என்று ஒரு தனி இனம் அங்கே அகப்படவில்லை. தினமும் போகும் வழியில் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பும், மனசு வேறெங்கோ இருக்கும். பின்சீட்டில் தூங்கும் குழந்தை சத்தம் போடாது. அவ்வளவுதான்.

ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி ரோட்டு ஓரம், கடை வாசலில் காரை நிறுத்தி, "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு இறங்குபவர் தினமும் உண்டு. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்துவிடுகிறார். யாரும் அவரைத் திட்டுவதில்லை. ஆனால் வெயில் யாருக்கும் சலுகை தருவதில்லை. அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரல்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். கடையில் கூட்டம் இருந்ததா, கல்லாவில் சில்லறை இருந்ததா என்பதுதான் 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கும் 'கொலைகாரன்' என்ற சொல்லுக்கும் நடுவில் நிற்கிறது.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதற்கு 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் செய்தது என்ன என்பதை, அவர் கையில் இல்லாத விளைவை வைத்துத்தான் நாம் தீர்மானிக்கிறோம் என்பது அவர்கள் எழுப்பிய சிக்கல். நமக்கு இது புதிதில்லை. மனுநீதிச் சோழன் மகன் கன்றைப் பார்க்கவே இல்லை. அது துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. பரிகாரம் செய்துகொள்ளலாம் என்றார்கள் அமைச்சர்கள். அரசன் கேட்கவில்லை, மகன்மேல் தேரை ஓட்டினான். அந்த அரசனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. சின்ன வயதில் அதை நீதி என்று படித்தோம். இப்போது யோசித்தால், பசுவுக்குப் பதில் சொன்னான், சரி. அடுத்த கன்றுக்கு என்ன செய்தான்?

அப்படியானால் யார்மேலும் தப்பில்லையா? அப்படி இல்லை. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். இது கோட்டா அப்பாவின் மறதி போன்றதில்லை. தரையில் ஓட்டை ஒரே நாளில் விழாது. பலர் கண்ணில் பட்டு, பலர் தாண்டிப் போனால்தான் அது பெரிதாகும். மறந்தவருக்குத் தண்டனை கொடுக்க இனி எதுவும் மிச்சமில்லை. பார்த்தும் விட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். நம் கோபம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

அதே உயர் நீதிமன்றம் அப்போது தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள் வேன் மோதி இன்னொரு இரண்டாம் வகுப்புப் பையன் இறந்த பிறகு, கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. ஒவ்வொரு விதியும் ஒரு குழந்தைக்குப் பிறகுதான் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்படாத இடங்களும் இருக்கின்றன. நம்ம பக்கத்து அபார்ட்மென்ட்களில் தரைத்தளம் முழுக்க பார்க்கிங். பிள்ளைகள் விளையாட இருப்பதும் அந்த நிழல்தான். ஒளிஞ்சு பிடிச்சு விளையாட காரின் பின்பக்கத்தைவிட நல்ல இடம் கிடையாது. குனிந்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் பக்கம், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டு இறந்தார்கள். அங்கே யாரும் யாரையும் மறக்கவில்லை. பூட்டாமல் நிறுத்திய கார், மூடாத கிணறு.

"பார்க்கிங்ல பசங்க விளையாடக் கூடாது" என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போடுவது சுலபம். மைதானத்தை மனையாக்கி விற்ற ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? ஒதுங்க வேண்டியது யார்? வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு ஏற எவ்வளவு நேரமாகும்?

"என் புள்ள எனக்கு மறக்குமா?" என்பவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பாசத்தை யாரும் சந்தேகப்படவில்லை. தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பது, கணக்குப் பார்ப்பதும்கூட. பாசம் முதலாவதை நாள் முழுக்கச் செய்யும். இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும். செல்போனையோ கைப்பையையோ பின்சீட்டில் வைப்பது. பிள்ளை வரவில்லை என்றால் பள்ளியிலிருந்து உடனே போன் வரும்படி ஏற்பாடு செய்வது. காரைப் பூட்டி, சாவியை எட்டாத உயரத்தில் மாட்டுவது. இறங்கும்போது "பாப்பா உங்ககிட்டயா, என்கிட்டயா?" என்று வாய்விட்டுக் கேட்பது. எல்லோரும் இறங்கிய பிறகும் வேன் அக்கா கடைசி சீட் வரை ஒருமுறை போய்க் குனிந்து பார்க்கிறார் என்றால், அவர் யாரையும் சந்தேகப்படவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார்.