சொன்ன பிள்ளைக்குக் காவல்

ஒடிசா, பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் மீஞ்சூர் வட்டாரத்தில் படிக்கிறார்கள். அவர்களின் தமிழைக் கேட்டுச் சிரிப்பதும், திக்கிப் பேசும் பையனைப் போலப் பேசிக்காட்டுவதும் விளையாட்டல்ல, கொடுமை. மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குற்றம்.

ஆனால், இப்படிப்பட்ட கொடுமையை வாய்திறந்து சொன்ன பிள்ளையின் கதி? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதால் பள்ளிக்குப் போகாமல் நின்றான் ஒரு மாணவன். அதை ஆசிரியரிடம் சொன்னான். அதற்காகவே சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

ஆசிரியர்களே, புகார் வந்த அன்றே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பும் ஏற்பாடாக வேண்டும். பெற்றோரே, மதியம் யாரோடு சாப்பிட்டாய் என்று தினமும் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.